எடை நின்னா கொழுப்பு கரையலன்னு அர்த்தமில்ல

சிஸ்டர், மூணு வாரமா 78 கிலோவிலேயே நிக்குது, டயட்டை விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. கொழுப்பு கரைஞ்சுட்டிருந்தாலும், உடம்பு பிடிச்சுவைக்கிற தண்ணி அதை மறைச்சிடும். உப்பு, தூக்கக்குறைவு, புதுசா ஆரம்பிச்ச உடற்பயிற்சி, பீரியட்ஸுக்கு முந்தின நாட்கள், எல்லாமே தண்ணியைத் தேக்கும்.

நானும் தண்டையார்பேட்டைதான். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டா, திங்கக்கிழமை காலையில விரல்ல மோதிரம் கழலாது, எடையும் ஒரு கிலோ கூடியிருக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர கிட்டத்தட்ட 7,700 கலோரி கூடுதலா சாப்பிட்டிருக்கணும். ஒரு ராத்திரியில முடியுமா? அந்தத் தண்ணி வடியறப்பதான் திடீர்னு ஒரேயடியா இறங்கும்.

வாரம் ஒருதரம் இடுப்பை டேப்பால அளந்து பாருங்க. இன்னும் ஒரு மாசம் போயும் அதுவும் அசையலன்னா, எண்ணெயை ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க, தைராய்டும் டெஸ்ட் பண்ணிடுங்க.