ஓடிப்போனவரா பால்ட்வின்?

வாசகர் கேள்விகளுக்கு, கொடைக்கானலில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், ஜேம்ஸ் பால்ட்வினை வைத்து எங்கள் வாசிப்பு வட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. கறுப்பின மக்களுக்காகப் போராடிய நாவலாசிரியர் என்கிறார்கள். ஆனால் 24 வயதிலேயே அமெரிக்காவை விட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். 1987இல் செத்ததும் பிரான்சில்தான். அடி வாங்கிக்கொண்டிருந்த சனத்தை விட்டுவிட்டு ஓடிப்போனவர் எப்படிப் போராளி ஆவார்? – வாசகர், பண்ணைக்காடு

ஓடித்தான் போனார். அவரும் அதை மறைத்ததில்லை. எதற்குப் பயந்து ஓடினார் என்பதை மட்டும் உங்கள் வட்டத்தில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

நியூயார்க்கில், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் 1924இல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். வளர்ப்புத் தகப்பனார் பிரசங்கியார், கடுமையான மனிதர். பையனும் 14 வயதில் பிரசங்க மேடை ஏறி, 17இல் இறங்கிவிட்டான். போர்க்காலத்தில் நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது ஓர் உணவகத்தில், கறுப்பர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று பணிப்பெண் சொன்னாள். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவள்மேல் வீசினார். குறி தப்பி, பின்னாலிருந்த கண்ணாடி நொறுங்கியது. அன்று தன்னை அடித்தே கொன்றிருப்பார்கள் என்பது ஒரு பயம். தானும் கொலைக்குத் துணிந்துவிட்டோமே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பயம்தான் அவரைத் துரத்தியது என்று நான் நினைக்கிறேன். 1946இல் நெருங்கிய நண்பர் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். இரண்டு வருடம் கழித்து, கையில் 40 டாலரோடு பால்ட்வின் பாரிசுக்குக் கிளம்பினார். அங்கே போயும் சொர்க்கம் இல்லை. விடுதியிலிருந்து யாரோ திருடிய படுக்கை விரிப்பு ஒன்றுக்காக, 1949 கிறிஸ்துமசைச் சிறையில் கழித்தார்!

சரி, திரும்பி வந்தாரா? வந்தார். 1957இல் வந்து, அதுவரை கால் வைத்தே இராத தென்மாநிலங்களுக்கு நேராகப் போனார். பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்கவிடாமல் கலவரம் நடந்துகொண்டிருந்த நேரம். மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார், எழுதினார், ஊர் ஊராகப் பேசினார்.

1963 மே மாதம், அமெரிக்க அரசின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்த ராபர்ட் கென்னடி அவரை அழைத்து, நாலு பேரோடு வாருங்கள், பேசலாம் என்றார். பால்ட்வின் கூட்டிப்போனவர்களில் ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞர் ஒருவர். தென்மாநிலமான மிசிசிப்பியில், கறுப்பர்களைப் பிரித்து வைப்பதை எதிர்த்து நடந்த பேருந்துப் பயணப் போராட்டத்தில் இறங்கி, செமத்தியாக அடிபட்டவர். பெரிய மனிதர்கள் நாகரிகமாகப் பேசிக் கலைவார்கள் என்று கென்னடி எதிர்பார்த்திருக்க, இந்தப் பையன் எடுத்த எடுப்பிலேயே, இந்த அறையில் உட்கார்ந்திருப்பதே எனக்குக் குமட்டுகிறது என்றான். இந்த நாட்டுக்காகச் சண்டைக்குப் போக மாட்டேன் என்றும் சொன்னான். கென்னடிக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கிருந்த நாடகாசிரியை லொரேன் ஹான்ஸ்பெரி, நீங்கள் காது கொடுக்க வேண்டியது அவனுக்குத்தான் என்றார். அன்றைக்கு அந்த அறையில் அப்படிப்பட்ட ஒருவனை உட்காரவைத்ததே பால்ட்வின் செய்த வேலை. அதே ஆண்டு ஆகஸ்டில் கறுப்பின உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் அவருக்கு மேடை கொடுக்கவில்லை. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மட்டும் அவரைப் பற்றி 1,884 பக்கம் கோப்பு சேர்த்தது. ஓடிப்போனவரைப் பற்றி எதற்கு இவ்வளவு காகிதம்?

கேள்வி: மலையில் இருக்கும் உங்களுக்கு அவருடைய எழுத்தில் எது நெருக்கம்? – கல்லூரி மாணவி, பெரியகுளம்

சந்தேகமே இல்லை, 1953இல் வந்த 'கிராமத்தில் ஓர் அந்நியன்' கட்டுரைதான். சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலையில் லோய்க்கர்பாட் என்று ஒரு வெந்நீர் ஊற்று கிராமம். சனம் 600 பேர். நண்பரின் குடும்ப வீடு அங்கே இருந்தது. பனிக்காலத்தில் போய் அடைந்துகொண்டார். சினிமாக் கொட்டகை இல்லை, வங்கி இல்லை, நூலகம் இல்லை. (இதை வாசிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.) ஊரிலேயே ஒரே டைப்ரைட்டர் அவருடையது. அதற்குமுன் ஒரு கறுப்பரை அந்த ஊர் கண்டதே இல்லை.

பிள்ளைகள் அவர் முடியை, கரண்ட் அடித்துவிடுமோ என்பதுபோலத் தொட்டுப் பார்த்தார்கள். கையில் கை வைத்து, சாயம் ஒட்டவில்லையே என்று அதிசயித்தார்கள். அதில் துவேஷம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே நின்றார். ஆனால் தன்னை ஒரு மனிதனாக அவர்கள் பார்க்கவில்லை, ஓர் அதிசயமாகத்தான் பார்த்தார்கள் என்று எழுதினார்.

போன சீசனில் ஏரிக்கரையில் இதே காட்சியைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். மக்காச்சோளம் சுடுகிறவரின் பையன், விசிறிக்கொண்டிருந்த அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஒரு மாணவியின் பின்னலைப் பிடித்துப் பார்த்தான். அவள் குனிந்து காட்டினாள். உடனே சுற்றி நின்ற பெரியவர்கள் செல்போனை எடுத்துக்கொண்டு வரிசை கட்டிவிட்டார்கள். அவள் கையில் இருந்த சோளம் ஆறிப்போனது.

அந்தக் கட்டுரையில் இன்னொன்று. கிராமத்துத் தேவாலயத்தில், கறுப்புப் பொம்மை வைத்த காணிக்கைப் பெட்டி ஒன்று உண்டு. தவக்காலத்துக்கு முந்திய திருவிழாவில் இரண்டு பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, குதிரைமுடி வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்கிறவர்களுக்காக வீடுவீடாய்க் காசு கேட்பார்கள். போன வருடம் ஆறோ எட்டோ ஆப்பிரிக்கர்களை 'வாங்கினோம்' என்று சாராயக்கடைக்காரர் மனைவி அவரிடம் பெருமையாகச் சொன்னாளாம்! எங்கள் கொடைக்கானலே 1845இல் மதுரைக் காய்ச்சலுக்குத் தப்பி மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் உண்டாக்கிய ஊர். அவர்களும் கடல் கடந்த சபைகளின் காணிக்கையில்தான் நடந்தார்கள். நல்லதும் செய்தார்கள், பள்ளி வந்தது, என் பிழைப்பும் அதில்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, அங்கே எந்தப் பிள்ளை எங்களுக்காக முகத்தில் எதைப் பூசிக்கொண்டதோ என்று தோன்றாமல் இருப்பதில்லை.

வருடக்கணக்காக முடியாமல் கிடந்த முதல் நாவலை, ஹார்லெம் தேவாலயக் கதையை, அந்தப் பனியில்தான் முடித்தார். கூடவே கொண்டுபோனது கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடிய இசைத்தட்டுகள். அமெரிக்காவில் இருந்தவரை அந்தப் பாட்டைக் கேட்கக் கூச்சப்பட்டவர். தன் வீட்டுச் சனம் பேசுகிற தாளம் அந்தப் பாட்டில் இருந்து காதில் விழுந்த பிறகே பாத்திரங்கள் வாய் திறந்தன. 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' 1953இல் வந்தது. பண்ணைக்காட்டுக்காரரே, இதையும் உங்கள் வட்டத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். – வாசகி, வத்தலக்குண்டு

'சன்னீஸ் ப்ளூஸ்' என்ற நீண்ட சிறுகதை. கணக்கு வாத்தியாரான அண்ணன், ஹெராயின் வழக்கில் தம்பி கைதான செய்தியை ரயிலில் பத்திரிகையில் படிக்கிறான். தம்பி பியானோ வாசிக்கிறவன். வாக்கியங்கள் எளிமையாக இருக்கும், அகராதி அதிகம் தேவைப்படாது. அப்புறம் 1963இல் வந்த 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்'. அதிலுள்ள முதல் கட்டுரை, சுமார் 15 வயது அண்ணன் மகனுக்கு... இல்லை, தம்பி மகனுக்கு எழுதிய கடிதம். சில பக்கம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். நாவல்களுக்கு அவசரமில்லை.