கன்று நடும் முன் கால்வாயைப் பாருங்கள்: அலையாத்திக் காடு பற்றிக் கேள்வி பதில்

சிதம்பரம் பக்கம், உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு இருக்கும் பிச்சாவரத்தின் சேற்றில் பல வருஷம் காலை விட்டவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கடலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, மாணவர்களை வைத்து ஒரே நாளில் ஆயிரம் அலையாத்திக் கன்று நட நினைக்கிறோம். எந்த மாதம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகை. மழையும் ஆற்றுத் தண்ணீரும் வந்து உப்பு இறங்கியிருக்கும். ஆனால் சார், மாதத்தை விட இடம் முக்கியம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தரை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? பக்கத்திலேயே தாய்மரங்கள் இருக்கின்றன, விதை தண்ணீரில் மிதந்து வருகிறது, ஆனாலும் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை என்றால், குறை விதையில் இல்லை.

பிச்சாவரத்தில் நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, கூப்பு போட்டு, அதாவது வெட்டுவதற்கென்று பிரித்து ஒதுக்கி, காட்டைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் காய்ந்து மண் அமுங்கி, தரை தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் காய்ந்தது. தண்ணீர் ஆவியானது, உப்பு தங்கியது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் எந்தக் கன்று பிழைக்கும்?

இது புரியாமல் ஆரம்பத்தில் நாங்களும் அப்படி ஓர் இடத்தில் கன்று நட்டோம். சித்திரையில் போய்ப் பார்த்தால், காலை வைத்த இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கு நொறுங்கியது. வரிசை பிசகாமல் காய்ந்த குச்சிகள் நின்றன. எங்களுக்குப் பணம் தந்தவர்களுக்குப் போன அறிக்கையில் மட்டும் கன்றுகள் செழிப்பாக இருந்தன!

அப்புறம் 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கால்வாய் முறையைக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். மேலேயிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி தெரியும். ஒவ்வொரு வற்றத்திலும் தேங்கிய தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அதன் பிறகுதான் கரைச்சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிடித்தது. கால்வாய் தூர்ந்து போகும், அதனால் முதல் சில வருஷம் தூர் வார வேண்டும். உங்கள் மாணவர்கள் கையில் கன்றுக்குப் பதில் மண்வெட்டியைக் கொடுங்கள். படம் அவ்வளவு அழகாக வராது, பரவாயில்லை.

புத்தளத்திலிருந்து ஒருவர்: எங்கட பக்கம் சுனாமிக்குப் பிறகு நட்ட கண்டல் எல்லாம் செத்துப்போச்சு. மண்தான் சரியில்லையோ?

நீங்கள் கண்டல் என்பதைத்தான் நாங்கள் அலையாத்தி என்கிறோம். உங்கள் ஊர் மட்டுமில்லை. இலங்கையில் 23 இடங்களில் நடந்த கண்டல் நடவை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டது ஆயிரம் ஹெக்டேருக்கு மேல், தேறியது சுமார் 200. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காததும் முக்கியக் காரணங்கள். மண் மேல் பழி போடாதீர்கள்.

ஒரு கல்லூரி மாணவி: உலகம் சூடாவதைத் தடுக்க இன்னும் காலம் இருக்கிறது, ஏன் இவ்வளவு பதற்றம் என்கிறார்கள். உங்கள் பதில்?

அம்மா, அலையாத்திக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. வேரில் வண்டலைப் பிடித்து, தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். கடல் ஏற ஏற இதுவும் ஏறும். ஆனால் அதற்கும் ஒரு வேகம் இருக்கிறது. கடல்மட்டம் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டர் வீதம் ஏறினால் காடு பின்தங்கி மூழ்கிவிடும் என்று, பழைய வண்டல் படிவுகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் 2020இல் சொன்னார்கள். போன நூற்றாண்டின் சராசரி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்போது 4ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை விட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாக 2024 பதிவாகிவிட்டது.

நம் ஊரில் இன்னும் இரண்டு சிக்கல். வண்டல் ஆற்றில்தான் வர வேண்டும், அதில் பெரும்பங்கு 1934இல் கட்டிய மேட்டூர் அணையிலேயே தங்கிவிடுகிறது. சரி, காடு உள்நிலம் பக்கம் நகரலாமே என்றால், பின்னால் ஆள் கட்டிய கரையும் இறால் குட்டையும் நிற்கின்றன. முன்னால் கடல், பின்னால் கரை. கரியமிலவாயுவைக் குறைப்பது உலகம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டியது. காட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்காமல் விடுவது நம் கையில் இருக்கிறது. ஒரு தடவை கட்டடம் வந்துவிட்டால் யார் இடிப்பார்கள்?

முத்துப்பேட்டை பக்கம் ஒரு தம்பி: கஜா புயலில் காடே சாய்ந்தது அண்ணா. பிறகு என்ன பாதுகாப்பு?

2018 நவம்பரில் சாய்ந்தது உண்மைதான். உள்ளே தென்னையும் லட்சக்கணக்கில் சாய்ந்தது. காடு காற்றை நிறுத்தாது தம்பி, அலையைத்தான் ஆற்றும். அலையாத்தி என்ற பெயரே அதுதான். நூறு மீட்டர் அகலக் காடு இருந்தால், இடத்துக்கு ஏற்ப, அலையின் உயரம் 13இலிருந்து 66 சதவீதம் வரை குறையும். சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு, கடலோரத் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அழிந்தது. காடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், தூரமும் மேடும் சேர்ந்துதான்.

இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர்: எங்களையே குறை சொல்கிறீர்கள். எங்களுக்கும் பிழைப்பு வேண்டாமா?

வேண்டும். கால்வாய் வாயை மட்டும் அடைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: குழந்தைகளோடு பிச்சாவரம் போகிறோம். என்ன காட்டலாம்?

படகில் போகும்போது வெண்கண்டல் இலையைப் பறிக்காமல் அடிப்பக்கம் விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். மரம் வேண்டாத உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. சுரபுன்னையில் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், அதையும் காட்டுங்கள். தில்லை மரம் கண்ணில் பட்டால் தொட விடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகோட்டியைக் கேட்டால் எது தில்லை என்று காட்டுவார்.