மீன் தொட்டியைத் தேய்த்துக் கழுவலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் 8 அடி நீளம், 5 அடி அகலத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு 12 கோல்டு ஃபிஷ் வளர்த்தோம். பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. அதனால் மாதம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை நிரப்புவேன். ஒவ்வொரு தடவையும் ஓரிரு மீன் சோர்ந்துபோகும். போன மாதம் கழுவிய மறுநாளே ஏழு மீன் செத்து மிதந்தன. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் அவற்றைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ‘இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை, தொட்டியை மூடிவிடு’ என்கிறார் மாமியார். மூடிவிடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூட வேண்டாம். மாமியாரிடம் சொல்லுங்கள், இதில் ராசி ஒன்றும் இல்லை. சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, மீன்களைக் கொன்றது நீங்கள் அவ்வளவு அக்கறையோடு செய்த அந்தக் கழுவல்தான். உங்களைப் போல எத்தனையோ பேர் இதையே செய்கிறார்கள். பாத்திரம், தரை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியே பழகிய கை, மீன் தொட்டியை மட்டும் எப்படி விடும்?

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுதான் வரும். அது மீனுக்கு விஷம். தொட்டிச் சுவரை விரலால் தடவினால் வழவழவென்று இருக்குமே, நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தது, அதில்தான் அந்த விஷத்தை முறிக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது, செடிக்கு உரமாகிவிடும். புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் கழுவுவதோ மாதம் ஒருமுறை. அவை வேரூன்றும் நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் துடைத்து எடுத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும், சிமென்ட் துளைகளில் தங்கிய பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து செவுளை அரித்துவிட்டன.

சரி, பச்சை நிறம்? அது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. வெயிலும் உரமும் கிடைத்தால் அது வளரத்தான் செய்யும். தண்ணீரை மாற்றினாலும் இரண்டும் அப்படியே இருப்பதால் பத்து நாளில் திரும்பி வந்துவிடுகிறது. பச்சை என்பதாலேயே மீன் சாகாது. ஆனால் மிகவும் அடர்ந்துவிட்டால் ஆபத்து. பகலில் பிராணவாயுவை விடும் அதே பாசி, இரவில் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சித்திரை மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, என் தொட்டி மீன்கள் எல்லாம் தண்ணீர்மட்டத்தில் வாயை வைத்து ‘ப்ளக் ப்ளக்’ என்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. பகலில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; நம் ஊர்க் கோடையின் 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் ஒருநாளாவது விடியுமுன் எழுந்து உங்கள் தொட்டியைப் பாருங்கள். மேலே வந்து வாய் பிளந்தால், உடனே தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டிக் கலக்கிவிட வேண்டும்.

முதல் வேலை, நிழல். தொட்டியின் பாதிக்கு மேல் பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். கொக்கும் மீன்கொத்தியும் இறங்காமலும் இருக்கும். ஒரு மண்தொட்டியில் களிமண் நிரப்பி, மேலே சல்லி பரப்பி, அல்லிக் கிழங்கு ஒன்றை நட்டு உள்ளே இறக்குங்கள். இலை விரிந்து பாதித் தண்ணீரை மூடும்போது பாசி தானாக ஒடுங்கும். ஓரத்தில் வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் கொஞ்சம் போடலாம். பச்சை நுண்பாசிக்குப் போகும் உரத்தை அது இழுத்துக்கொள்ளும். கோல்டு ஃபிஷ் அதைக் கொறிக்கும், பரவாயில்லை.

தீனியைக் குறையுங்கள். ஒருநாளைக்கு ஒருவேளை, இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு போதும். மகன் ஆசையாகக் கைநிறையப் போடுகிறானா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீடுகளில் பச்சைத் தண்ணீருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

உங்கள் தொட்டி ஏறக்குறைய 2,250 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை நான்கு அங்குலம் மட்டும் இறக்கிவிட்டு, அதே அளவு நிரப்புங்கள். ஆறில் ஒரு பங்கு. அடியில் படிந்த வண்டலை ஒரு டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். நிரப்பும் குழாய்த் தண்ணீரை முந்தின நாளே டிரம்மில் பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் புட்டியில் எழுதிய அளவில் விடலாம். போர் தண்ணீரானால் குளோரின் இருக்காது, ஆனால் பிராணவாயுவும் குறைவாக இருக்கும். அருவிபோல் விழவிட்டு நிரப்புங்கள்.

வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய பெயின்ட் பக்கெட்டின் அடியில் வெளியேறும் குழாய் பொருத்தி, உள்ளே உடைந்த ஓட்டுத் துண்டு, அதன் மேல் சல்லி, அதன் மேல் ஸ்பாஞ்ச் வையுங்கள். மணிக்கு ஆயிரம் லிட்டர் ஏற்றும் சிறிய மோட்டாரைத் தொட்டிக்குள் வைத்துப் பக்கெட்டின் மேல் விட்டால், தண்ணீர் வடிந்து திரும்பத் தொட்டியில் விழும். இரவும் பகலும் ஓட வேண்டும். இரவில் நிறுத்தினால் பலனே இல்லை. மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. உள்ள இணைப்பில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் யாரும் தொட்டிக்குள் கை விடக் கூடாது.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குழாயடிக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அதில் மூன்று முறை அமுக்கிப் பிழியுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். முழுக்கத் தெளிய வேண்டாம், அதற்குள்தான் நமக்கு வேண்டிய பாக்டீரியா இருக்கிறது. அந்த வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், தளதளவென்று தழைக்கும்.

பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கடையில் ‘டேங்க் கிளீனர்’ மீனை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அது கழிப்பதும் அதிகம். ஒன்றரை அடிக்கு வளர்ந்தபின் மனம் கேட்காமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரி, ஆறுகளில் அது பெருகி உள்ளூர் மீன்களை ஒடுக்குவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. வெங்காயத் தாமரையும் அப்படியே.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வழிகால் குழாயை வலை கட்டிப் பொருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மீன் முற்றத்துக்கு வந்துவிடும். மொட்டைமாடித் தண்ணீர் தொட்டியில் விழ வேண்டாம். உதிர்ந்த இலைகளை அன்றன்றே வலையால் அள்ளுங்கள். கைக்குழந்தைகள் வந்துபோகும் வீடானால், இரண்டடித் தண்ணீரும் ஆபத்துதான், சுற்றிலும் கம்பிவலை போடுங்கள்.

மிஞ்சியிருக்கும் ஐந்து மீன்களை வைத்தே இரண்டு மாதம் ஓட்டுங்கள். அதற்குள் சுவர் மறுபடியும் வழவழக்கத் தொடங்கும். பிறகு இரண்டிரண்டாக வாங்குங்கள். கடைப் பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுப் பழக்குங்கள். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும், பைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அந்த வலையை உங்கள் மகன் கையில் கொடுங்கள்.