ஆள் பார்த்து வருகிற கோபம்

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவிலிருந்தே ஒருவரைக் காதலிக்கிறேன். என் மேல் ரொம்ப பொசசிவ். என் போன் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. அவருக்குப் பிடிக்காததால் நெருங்கிய தோழியிடம்கூடப் பேசுவதில்லை. போன மாதம் வகுப்புப் பையனுக்கு நோட்ஸ் அனுப்பியதற்காக பஸ் ஸ்டாண்டில் வைத்து அறைந்துவிட்டார், அன்றிரவே அழுது மன்னிப்புக் கேட்டார். பிரிந்தால் என் போட்டோக்களை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்றும் ஒருமுறை சொன்னார். அன்பு இருக்கிற இடத்தில்தானே கோபமும் இருக்கும்? அவரை எப்படி மாற்றுவது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். இது அன்பு இல்லைம்மா.

கோபம் வந்தால் அவனால் அடக்க முடியவில்லை என்று நினைக்கிறாய். சரி, வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டுகிற வாத்தியாரை அவன் அறைந்திருக்கிறானா? பைக்கை நிறுத்தி அபராதம் போடுகிற போலீஸ்காரரை? அங்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிகிறது. திருப்பி அடிக்க மாட்டாள், வீட்டில் சொல்ல மாட்டாள், நாளைக்கும் வருவாள் என்று தெரிந்த ஒருத்தியிடம் மட்டும்தான் கை நீள்கிறது.

உன்னைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லிச் சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, ஒழுங்காகச் சமைக்காதது எல்லாம் அந்தக் காரணங்களில் அடக்கம். 15 வயதுப் பெண்களிடமிருந்தே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு பஸ் ஸ்டாண்டில் விழுகிற அறை பெரிதாகத் தெரியாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

அவன் அழுதது நடிப்பு என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே அழுதிருக்கலாம். ஆனால் அழுது முடித்த பிறகு உன் பாஸ்வேர்டை விட்டுக்கொடுத்தானா, தோழியிடம் பேசு என்றானா? அதைப் பார். (பெண் பிள்ளைகள் பையன்களின் போனைப் பிடுங்கிப் பார்ப்பதும், பேசாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவதும் நடக்கிறது. அவர்களுக்கும் இதே பதில்தான்.)

அவனை மாற்றுவது உன் வேலை இல்லை. மாற நினைத்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் அவனே போகட்டும், அதுவரை நீ கன்னத்தைக் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

போட்டோ விஷயத்தில்தான் நிறைய பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நீ சம்மதித்து எடுத்த அந்தரங்கப் படமாகவே இருந்தாலும், உன் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவருக்கு அனுப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி அனுப்பியவன்தான் குற்றவாளி. எடுத்தபோது உனக்கு 18 ஆகவில்லை என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டமும் சேரும். அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை.

பிரிவதைத் தனியாகப் போய்ச் சொல்லாதே. ‘கடைசியாக ஒரே ஒரு தடவை பார்க்கலாம்’ என்று கூப்பிட்டாலும் போகாதே. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான் ஒருவன், அவள் அவனை வேண்டாம் என்று விலகியதற்காக. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, அதனால் அந்தப் பெண் திரும்பி வந்துவிடவில்லை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, வேண்டாம் என்று சொல்கிற நேரத்தில் உன் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அதற்காகத்தான். அம்மா, அக்கா, சித்தி, பிடித்த டீச்சர், யாராக இருந்தாலும் சரி. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசு, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அதற்கு முன்னால் அந்தத் தோழியைக் கூப்பிடு. அவன் உன்னிடமிருந்து முதலில் பிரித்தது அவளைத்தான். இன்றைக்கே பேசு, வேறு யாருடைய போனிலிருந்தாவது.