பீரியட்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே தூக்கமும் மனசும் கெடுமா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு 43 வயது. மாதவிலக்கு இன்னும் வருகிறது, சில மாதம் முன்னே பின்னே. ஆனால் ராத்திரி தூக்கம் போய்விட்டது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபமும் அழுகையும் வருகிறது, மறதியும் சேர்ந்துகொண்டது. "மெனோபாஸ் என்றால் பீரியட்ஸ் நின்றிருக்க வேண்டுமே, அப்போ எனக்கு மனசில்தான் ஏதோ கோளாறா?" என்று கேட்டிருக்கிறார்.

பீரியட்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே இத்தனையும் தொடங்கலாம். பலருக்கு அப்படித்தான் தொடங்குகிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பெரிமெனோபாஸ். சிலருக்கு நான்கு வருடம், சிலருக்கு எட்டு, பத்துகூட ஆகும். இந்தியப் பெண்களுக்கு மெனோபாஸ் சராசரியாக 46, 47 வயதில் வந்துவிடுகிறது. அமெரிக்கா, ஐரோப்பாவில் அது 51. அந்த ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு "உனக்கு இன்னும் வயசாகலையே" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

எனக்கு இப்போது 48. திருச்சியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எனக்கும் முதலில் கெட்டது தூக்கம்தான். படுத்தவுடன் தூங்கிவிடுவேன், ஆனால் மூன்று மணி வாக்கில் நெஞ்சு படபடத்து முழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும் வரை கவலைகள்தான், அதுவும் பகலில் கவலையாகவே தோன்றாத விஷயங்கள். அடுத்து வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. செங்கோண முக்கோணம் வரைந்துவிட்டு 'கர்ணம்' என்ற சொல் வாயில் வராமல் பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கிறேன். இத்தனை வருடம் தினமும் சொன்ன சொல்! அம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்து கிடந்தேன். உடம்பு வேர்ப்பதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வந்தது.

இந்த வயதில் ஹார்மோன் மெல்ல மெல்லக் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, மூளையிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அதை இன்னும் வேகமாக விரட்டுகிறது. ஒரு மாதம் சினைப்பை அதற்கு மசிவதில்லை, இன்னொரு மாதம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதனால் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரு வாரம் இளமையில் இருந்ததைவிடவும் மேலே ஏறி, அடுத்த வாரம் தடாலென்று விழும். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் மின்சாரம் இருந்தும் ஃபேன் ஒழுங்காக ஓடாது, அந்த நிலைமைதான். முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் சுரப்பதே மிகக் குறைவு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற அமைப்புக்கு, புரோஜெஸ்ட்ரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் துணை நிற்கிறது. அது ஒழுங்கில்லாமல் போகும்போது தூக்கமும் நிதானமும் சேர்ந்தே போகின்றன. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் மீதும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பிடி உண்டு. அதனால் இந்தக் கோபத்தை உங்கள் குணக்கேடு என்று யாரும் முத்திரை குத்த விடாதீர்கள். முன்பு பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் மனசு அதிகம் பாடுபட்டவர்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்களுக்கும் இந்தக் காலம் கூடுதல் கஷ்டம். மறதியைப் பற்றி ஒரு நல்ல செய்தி: பெரும்பாலோருக்கு இந்தக் கட்டம் தாண்டியதும் அது தெளிந்துவிடுகிறது.

குப்பென்று வேர்ப்பதும் மூளையின் வேலைதான். உடம்புச் சூட்டைக் கவனிக்கும் ஹைபோதலமஸ், ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ரொம்ப நுணுக்கமாகிவிடுகிறது. துளி சூடு ஏறினாலும் உடம்பு கொதிப்பதாக எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. மூட்டு வலி, தோள் இறுகிப்போவது, கண்ணும் பிறப்புறுப்பும் வறண்டுபோவது, அடிக்கடி நீர்க்கடுப்பு, இவையும் இதே வரிசையில் வரலாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதிக ரத்தப்போக்கைப் பற்றி. முட்டை வெளியாகாத மாதங்களில் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய், பிறகு கட்டிகட்டியாகக் கொட்டும். நம் வீடுகளில் "நிக்கிற நேரத்துல அப்படித்தான் போகும்" என்று சொல்லி, பெண்களை ரத்தசோகை வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 8-க்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. முதலில் போன மருத்துவமனையில், ஸ்கேன் எடுத்த அன்றைக்கே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அது என்னை இன்றும் வருத்துகிறது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் உள்சுவரில் சின்ன பயாப்ஸி எடுத்து, புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் வைத்தார். இரும்புச்சத்து ஊசியும் போட்டார். போக்கு அடங்கிவிட்டது. உண்மையிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் மாத்திரை, சாதனம் என்று வேறு வழிகள் இருக்கின்றனவா என்று கேட்காமல் சம்மதித்துவிடாதீர்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதில்லை.

டாக்டரிடம் போகும்போது மூன்று மாத பீரியட்ஸ் தேதிகளையும் தொந்தரவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள். ஹார்மோன் டெஸ்ட் பேக்கேஜ்களுக்குப் பணம் கொட்ட வேண்டாம். இந்த வயதில் எஃப்.எஸ்.எச். இன்று ஒரு அளவு காட்டும், அடுத்த வாரம் வேறொன்று காட்டும். 45 வயது தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடலாம். உங்களுக்கு 43 என்பதால் தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்து), சர்க்கரை, பி12 இவற்றை மட்டும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறும் இதே வேடத்தில் வரும்.

இந்தத் தொந்தரவுகளுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவியது. அதில் பங்கெடுத்த பெண்களின் சராசரி வயது 63, அதாவது பெரும்பாலோர் மெனோபாஸ் தாண்டிப் பல வருடம் ஆனவர்கள். அங்கேயும் கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோன் வகையும் சேர்ந்தது) சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்று கூடியது ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் எட்டு பேருக்குத்தான். மார்பகப் புற்று, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டுவது, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. மற்றவர்கள் 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள், டாக்டரிடம் மனம்விட்டுப் பேசி முடிவெடுக்கலாம். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் வேறு மாத்திரைகள் உண்டு. நான் மாலையில் எடை தூக்கும் பயிற்சி செய்கிறேன், எலும்பு வேகமாகக் கரையும் காலம் இது என்பதால். கேழ்வரகும் எள்ளும் வாரத்தில் பல நாள் சாப்பாட்டில் இருக்கும்.

வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் கணவரிடம் இப்படி நடக்கிறது என்று உட்கார வைத்து விளக்கிய பிறகு, காலைச் சமையலை அவர் எடுத்துக்கொண்டார். மகனும் புரிந்துகொண்டான். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக இரண்டு விஷயம். பீரியட்ஸ் தாறுமாறாக வந்தாலும் கர்ப்பம் தரிக்கலாம், அதனால் கருத்தடையை நிறுத்திவிடாதீர்கள். 50 வயதுக்குள் நின்றால் அதன் பிறகு இரண்டு வருடம், 50-க்கு மேல் என்றால் ஒரு வருடம் தொடர வேண்டும். 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.