பீஸ் ரேட் டெய்லருக்கும் பணிக்கொடை உண்டு

தம்பி, திருப்பூர் பனியன் கம்பெனியில் 7 வருஷம் 8 மாசம் ஓவர்லாக் தைத்த அம்மா, முட்டிவலியால் நின்றதும் "பீஸ் ரேட்டுக்கு (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) கிராஜுவிட்டி கிடையாது" என்று மேனேஜர் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது தவறு. படிக்கவே மனசு கொதிக்கிறது, என் அக்காவிடமும் இதையேதான் சொன்னார்கள்.

5 வருஷம் தொடர்ந்து வேலை செய்தவர் தானே நின்றாலும் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டித் தொகை, உண்டு. பீஸ் ரேட் என்றால் கடைசி 3 மாசக் கூலியின் சராசரியை எடுப்பார்கள், ஓவர்டைம் சேராது. மாசம் 9,100 ரூபாய் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 350, வருஷத்துக்கு 15 நாளாக 5,250. கடைசி வருஷத்தில் ஆறு மாசம் தாண்டியதால் 8 வருஷக் கணக்கு: 42,000 ரூபாய்.

வாயால் கேட்காதீர்கள். கம்பெனிக்கு டெலிவரிச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் விண்ணப்பம் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தரவேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு. வேலைக்குச் சான்று இல்லையே என்று பயப்படவேண்டாம், பி.எஃப். பிடித்திருந்தால் பாஸ்புக்கில் மாதவாரியாக இருக்கும், இ.எஸ்.ஐ. அட்டையும் உதவும்.

முக்கியமாக, "கணக்கு முடிந்தது" என்று எதையாவது நீட்டினால் அம்மா படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. வெற்றுத்தாளில் போடவே கூடாது.