கறுப்பினத்தவருக்குத் தனிக் கச்சேரி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பினக் கலைஞர்கள் பெரும்பான்மையாக உள்ள லண்டன் சினேகே இசைக்குழு பத்தாண்டு நிறைவு செய்ததையும், கறுப்பின இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளை எழுதி வாங்கி அரங்கேற்றுவதையும் பாராட்டியிருந்தீர்கள். இசையைக் காதால்தானே எடைபோட வேண்டும்? எழுதியவரின் நிறத்தைப் பார்த்து வாய்ப்புக் கொடுத்தால் அது சலுகை ஆகாதா? தகுதி இருந்தால் பொதுமேடைக்கே வந்துவிட மாட்டார்களா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தகுதியை மட்டும் பாருங்கள் என்று 1943-லேயே ஒருவர் கேட்டுப் பார்த்துவிட்டார். சிகாகோவைச் சேர்ந்த கறுப்பின இசையமைப்பாளர் ஃப்ளோரன்ஸ் பிரைஸ், பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த கூசெவிட்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு இரண்டு குறைகள், ஒன்று பெண்ணாய்ப் பிறந்தது, மற்றது தன் இனம் என்று அது தொடங்குகிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு இசையைப் பாருங்கள் என்பதே கோரிக்கை. கூசெவிட்ஸ்கி அவருடைய ஒரு படைப்பையும் கடைசிவரை மேடையேற்றவில்லை.

பிரைஸ் ஒன்றும் கத்துக்குட்டி அல்ல. 1933 ஜூன் 15 அன்று அவருடைய முதல் சிம்பொனியை (பெரிய இசைக்குழுவுக்காக எழுதப்படும் பல பகுதிகள் கொண்ட படைப்பு) சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்திருந்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அமெரிக்காவின் பெரிய இசைக்குழு எடுத்துக்கொண்டது அதுவே முதல் முறை. அந்தப் படைப்பு வெளிச்சத்துக்கு வந்தது எப்படி என்கிறீர்கள்? முந்தைய ஆண்டு வானமேக்கர் போட்டியில் 500 டாலர் முதல் பரிசு பெற்றதால். அது கறுப்பின இசையமைப்பாளர்களுக்கு மட்டுமே நடத்தப்பட்ட போட்டி. உங்கள் கணக்கில் அது சலுகைதான்.

1953-ல் அவர் இறந்தார். 2009-ல் இல்லினாயில் செயிண்ட் ஆன் என்ற சிற்றூரில் பாழடைந்த வீடொன்றைப் பழுதுபார்க்கப் போன தம்பதி, மரம் விழுந்து கூரை பிளந்திருந்த அந்த வீட்டின் நனையாத பகுதியில் கட்டுக்கட்டாக இசைத்தாள்களைக் கண்டார்கள். இரண்டு வயலின் கான்செர்ட்டோக்கள் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை), நான்காம் சிம்பொனி எல்லாம் அதற்குள் கிடந்தன. பொதுமேடை தகுதியைத் தேடிப் போன லட்சணம் இது.

ஆண்டுவிழாக் கச்சேரிகள்மீது எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு. ஒரே இரவில் புதுப் படைப்புகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் எழுதி, வாத்தியத்துக்கு வாத்தியம் பிரதியெடுத்து, ஓரிரு ஒத்திகையோடு அரங்கேறிய பிறகு தாள்கள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. 1934-ல் இசைக்குழு நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி மேடையேற்றிய, கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் டாசனின் சிம்பொனிக்கு அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அதை எடுத்து வாசித்தவர்கள் குறைவு. டாசன் இன்னொரு சிம்பொனி எழுதவும் இல்லை. ஆகவே, யாரிடம் எழுதி வாங்கினார்கள் என்பதைவிட, மறுபடி எப்போது வாசிப்பார்கள் என்று கேட்கவே எனக்குத் தோன்றுகிறது.

சினேகேயிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியக் கலைஞர் சீ-சீ ந்வானோக்கு தொடங்கிய அந்தக் குழு, 2015 செப்டம்பரில் நடத்திய முதல் கச்சேரியிலேயே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த பிலிப் ஹெர்பர்ட்டின் இரங்கல் இசையை வாசித்தது. 1993-ல் லண்டன் பேருந்து நிறுத்தத்தில் இனவெறியர்கள் கொன்ற ஸ்டீபன் லாரன்ஸுக்கானது அது. பதினெட்டுத் தந்தி வாத்தியங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு. அந்த இளைஞன் வாழ்ந்ததும் பதினெட்டு ஆண்டுகள்தாம்.

காதால் எடைபோடுவோம் என்கிறீர்கள். சரி, பிரைஸின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். அமெரிக்கத் தோட்டப் பண்ணைகளில் முரசு தடைசெய்யப்பட்டபோது அடிமைகள் கையையும் தொடையையும் தட்டி ஆடிய ஜூபா நடனம் அங்கே வருகிறது. பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள்.